ஸ்பேஸைத் திருத்தினால் அது பேட்ச் ஆகுமா? – கெர்னல் கேள்வி-பதில்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு முதல் பேட்ச், அதாவது நிரல் திருத்தம், அனுப்புவது எப்படி என்று போன இதழில் எழுதியிருந்தோம். அதற்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இரண்டே விஷயங்களைச் சுற்றித்தான்: நிரலின் நடையைச் சுத்தம் செய்வது, கெர்னல் பதிவுசெய்யும் லாக் செய்திகளைச் சீர்செய்வது. அதனால் இந்த மாதம் முழுக்க அதையே பேசிவிடலாம்.

கேள்வி: பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஸ்டேஜிங் பகுதியில் ஒரு டிரைவரில் ஸ்பேஸ் இருந்த இடத்தில் டேப் போட்டு, அடைப்புக்குறியை இடம் மாற்றி ஒரு பேட்ச் அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். விடுதியில் சீனியர்கள் "இதெல்லாம் ஒரு பங்களிப்பா" என்கிறார்கள். இதற்கு உண்மையில் மதிப்பு உண்டா?
– வாசகி, திருநெல்வேலி

உண்டு. ஸ்டேஜிங் என்ற அந்தக் கோப்புறை இருப்பதே இதற்காகத்தான். 2008ல், 2.6.28 பதிப்பின்போது கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் அதைக் கொண்டுவந்தார். வேலை செய்கிறது, ஆனால் கெர்னலின் தரத்துக்கு இன்னும் வரவில்லை என்ற நிலையில் இருக்கும் டிரைவர்களை (சாதனங்களை இயக்கும் நிரல்களை) வெளியே கிடந்து வீணாகவிடாமல் உள்ளே எடுத்துக்கொண்டு, எல்லோருடைய கண் முன்னாலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்யலாம் என்பதுதான் யோசனை. நீங்கள் டேப் மாற்றி அனுப்பிய அந்த ஒரு பேட்சுக்குள் எவ்வளவு வேலை இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்: சரியான கிளையை எடுக்க வேண்டும், கெர்னலைக் கம்பைல் செய்து பார்க்க வேண்டும், மாற்றத்தை விளக்கும் கமிட் செய்தியை ஒழுங்காக எழுத வேண்டும், யாருக்கு அனுப்புவது என்று ஸ்கிரிப்டை ஓட்டிக் கண்டுபிடிக்க வேண்டும், வெறும் எழுத்து வடிவ மின்னஞ்சலாக அனுப்ப வேண்டும், யாராவது குறை சொன்னால் இரண்டாம் பதிப்பு போட வேண்டும். இந்த வழியில் ஒருமுறை நடந்தவருக்கு அடுத்த பேட்சில் நிரலைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இதே வேலையை, எந்த நிரல் எப்போது ஓடும் என்று தீர்மானிக்கும் ஷெட்யூலரிலோ எக்ஸ்ட்4 கோப்பு முறைமையிலோ போய்ச் செய்தால் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள், அந்த மறுப்பில் நியாயமும் இருக்கிறது. ஏன் இந்த வரி இப்படி எழுதப்பட்டது என்று தெரிந்துகொள்ள கெர்னலில் வேலை செய்கிறவர்கள் முதலில் போவது, ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றிய கமிட் எது என்று காட்டும் கிட் பிளேமுக்குத்தான். அங்கே, பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு நுட்பமான பிழையைத் திருத்தியவரின் விளக்கம் கிடைக்க வேண்டிய இடத்தில் "ஸ்பேஸ் திருத்தம்" என்று ஒரு கமிட் வந்து நின்றால், அதைத் தாண்டித் தாண்டித் தோண்ட வேண்டியிருக்கும். இடைவெளி மாற்றங்களைப் பொருட்படுத்தாதே என்று பிளேமுக்குச் சொல்ல வழி இருக்கிறது, குறிப்பிட்ட கமிட்டுகளை ஒதுக்கிவைக்கும் வசதியும் 2019ல் கிட் 2.23ல் வந்தது, ஆனாலும் அது எரிச்சல்தான். அதைவிடப் பெரிய தொந்தரவு பழைய நிலையான பதிப்புகளுக்குத் திருத்தங்களைக் கொண்டுபோவது. புதிய கெர்னலில் ஒரு பாதுகாப்புப் பிழையைச் சரிசெய்கிறார்கள் என்று வையுங்கள், அதே திருத்தம் மூன்று நான்கு பழைய பதிப்புகளுக்கும் போக வேண்டும். சுற்றியிருக்கும் வரிகளை யாரோ அழகுபடுத்திவைத்திருந்தால் பேட்ச் பொருந்தாது, ஒருவர் உட்கார்ந்து கையால் பொருத்த வேண்டும். சரி, அப்படியானால் அழகுபடுத்தலையும் சேர்த்துப் பழைய பதிப்புக்கு அனுப்பிவிடலாமே என்றால், பயனருக்குப் பலன் தராத எழுத்துப்பிழை, இடைவெளித் திருத்தங்களை நிலையான பதிப்புகளில் ஏற்பதில்லை என்று அவர்களுடைய விதியிலேயே இருக்கிறது.

அதனால் சீனியர்கள் சொல்வதை விடுங்கள், ஆனால் இங்கேயே நின்றுவிடாதீர்கள். டிரைவரின் கோப்புறைக்குள் 'டூடூ' என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கும். இந்த டிரைவர் ஸ்டேஜிங்கை விட்டு வெளியேற என்னென்ன மிச்சம் என்று அதில் எழுதியிருப்பார்கள். அடுத்த பேட்சை அதிலிருந்து எடுங்கள்.

கேள்வி: டேப் என்றால் எட்டு இடம், வரி 80 எழுத்துக்குள் என்று இன்னமும் பிடிவாதம் பிடிக்கிறார்களே, இப்போது எல்லோரிடமும் பெரிய திரை இருக்கிறது அல்லவா?
– வாசகர், ஈரோடு

80 என்ற கண்டிப்பு தளர்ந்துவிட்டது. 2020 மே மாதம், 5.7 பதிப்பு வெளிவந்த சமயத்தில், நடை விதிகளைச் சோதிக்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்ட் எச்சரிக்கும் எல்லையை 100 ஆக்கினார்கள். நடை விதி ஆவணத்தில் 80 தான் விருப்பம் என்று இன்னும் இருக்கிறது, அவசியம் இருந்தால் தாண்டலாம். எட்டு இட டேப் வேறு விஷயம். அது திரையின் அகலத்துக்காக வைத்த விதி இல்லை. மூன்று அடுக்குக்கு மேல் உள்ளே போனால் நிரல் வலது ஓரத்துக்கு ஓடிவிடும், உடனே ஃபங்ஷனைப் பிரிக்க வேண்டும் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் அந்த விதி அப்படியே இருக்கட்டும் என்பேன்.

வரித்தள்ளல் வெறும் அழகு விவகாரம் என்று நினைக்கிறவர்களுக்கு 2014ல் ஆப்பிளில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அது கெர்னல் இல்லை, பாதுகாப்பான இணைய இணைப்பைச் சரிபார்க்கும் நூலகம். ஒரு 'இஃப்' நிபந்தனைக்குக் கீழே 'கோட்டு ஃபெயில்' என்ற வரி, அதற்கு அடுத்ததாக அதே தள்ளலில் அதே வரி இன்னொரு முறை. அடைப்புக்குறி கிடையாது. பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டும் நிபந்தனைக்குள் இருப்பது மாதிரி தெரிகிறது, கம்பைலருக்கோ இரண்டாவது வரி நிபந்தனையே இல்லாமல் எப்போதும் ஓடும் வரி. அதற்குக் கீழே இருந்த கையொப்பச் சோதனை நடக்கவே இல்லை, ஆனால் வெற்றி என்று பதில் போனது. 2016ல் வந்த ஜிசிசி 6 கம்பைலர் இந்த மாதிரி ஏமாற்றும் தள்ளலைக் கண்டால் எச்சரிக்கக் கற்றுக்கொண்டது. நடையும் பிழையும் எங்கே சந்திக்கின்றன என்று கேட்டால் நான் எப்போதும் காட்டுவது இந்த இடத்தைத்தான்.

கேள்வி: ஒரு பழைய டிரைவரில் இருந்த பிரிண்ட்கே எல்லாவற்றையும் தேடி எடுத்து பிஆர்-இன்ஃபோ என்று மாற்றி அனுப்பினேன். செக்பேட்ச் ஒரு எச்சரிக்கைகூடக் காட்டவில்லை. ஆனாலும் பராமரிப்பாளர் மறுத்துவிட்டார். செக்பேட்ச் சொன்னதைத்தானே செய்தேன்?
– வாசகர், சென்னை

செக்பேட்ச் 2007ல் வந்த பெர்ல் ஸ்கிரிப்ட். அதற்கு எழுத்துதான் தெரியும், அர்த்தம் தெரியாது. மனிதர் யோசித்து முடிவு எடுப்பதற்கு அது மாற்று இல்லை என்று கெர்னலின் ஆவணமே சொல்கிறது. நீங்கள் அனுப்பியதில் என்ன சிக்கல் என்று பார்ப்போம்.

பிரிண்ட்கே என்பது கெர்னலில் செய்தி அச்சிடும் பழைய வழி, பிஆர்-இன்ஃபோ அதே வேலையைத் 'தகவல்' என்ற நிலையில் செய்வது. கெர்னல் செய்திகளுக்கு 0 முதல் 7 வரை எட்டு நிலைகள். 0 என்றால் கணினியே விழுகிறது, 3 பிழை, 4 எச்சரிக்கை, 6 வெறும் தகவல், 7 டீபக். நிலை எதுவும் குறிப்பிடாத பழைய பிரிண்ட்கே வழக்கமாக 4 ஆகவே எடுத்துக்கொள்ளப்படும். கெர்னலை 'கொயட்' என்ற அளபுருவோடு பூட் செய்யும்போது திரையின் எல்லை 4 ஆகிவிடும், அதைவிடச் சிறிய எண் கொண்ட செய்திகள் மட்டுமே திரையில் வரும். இப்போது "ஃபர்ம்வேர் ஏற்ற முடியவில்லை" என்று அழுகிற ஒரு வரியை நீங்கள் பிஆர்-இன்ஃபோ ஆக்கினால் அது 6க்குப் போய்விடும். லாக்கில் பிழைகளை மட்டும் வடிகட்டிப் பார்க்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. ஆக, எல்லாவற்றையும் ஒரே நிலைக்கு மாற்றியபோது எது பிழை, எது தகவல் என்று தீர்மானிக்கும் வேலையை நீங்கள் செய்யாமல் விட்டுவிட்டீர்கள். அந்தத் தீர்மானத்துக்காகத்தான் இந்தப் பேட்ச்.

அடுத்தது, டிரைவருக்குள் பிஆர் குடும்பமே கடைசித் தேர்வுதான். கையில் டிவைஸின் சுட்டி (பாயின்டர்) இருந்தால் டெவ்-எர்ர், டெவ்-வார்ன், டெவ்-டீபிஜி. நெட்வொர்க் டிவைஸ் என்றால் நெட்டெவ்-எர்ர். வித்தியாசத்தை நேரில் பாருங்கள். பழைய வரி லாக்கில் இப்படி வரும்:

"ரீசெட் தோல்வி"

அவ்வளவுதான். யாருடைய ரீசெட்? ஒரு சர்வரில் ஒரே மாதிரி நான்கு நெட்வொர்க் கார்டு இருந்தால் எது? டெவ்-எர்ர் ஆக்கினால் டிரைவரின் பெயரும், பிசிஐ தடத்தில் அந்த டிவைஸ் இருக்கும் முகவரியும் தானாகவே முன்னால் ஒட்டிக்கொள்ளும். கூடவே தோல்விக்கான காரணத்தையும் சேர்த்தால்:

"இ1000இ 0000:00:1எஃப்.6: ரீசெட் தோல்வி: -110"

மைனஸ் 110 என்றால் நேரம் கடந்துவிட்டது என்று பழகியவர்களுக்குத் தெரியும். அதையும் எண்ணாக இல்லாமல் பெயராகவே அச்சிடும் வசதி இப்போது இருக்கிறது. எண்ணை அடைப்புக்குறிக்குள் போட வேண்டாம், வாக்கியக் கடைசியில் முற்றுப்புள்ளி வேண்டாம் என்று நடை விதி ஆவணம் சொல்வதெல்லாம் இதற்கு அப்புறம் கவனிக்க வேண்டியவை. முதலில் யார், எங்கே, ஏன் என்ற மூன்றுக்கும் அந்த ஒரே வரி பதில் சொல்ல வேண்டும். அந்த வரியைப் படிக்கப்போகிறவரிடம் உங்கள் நிரல் திறந்திருக்காது, பெரும்பாலும் அந்த வரியின் ஒரு புகைப்படம் மட்டுமே கையில் இருக்கும்.

டிவைஸ் சுட்டி இல்லாத இடங்களில் பிஆர்-எர்ர் சரிதான், ஆனால் கோப்பின் மேலே பிஆர்-எஃப்எம்டி என்ற மேக்ரோவை வரையறுத்து மாட்யூலின் பெயர் முன்னால் வரும்படி செய்யுங்கள். அது இன்க்லூட் வரிகளுக்கு முன்னால் இருக்க வேண்டும், பின்னால் போட்டால் ஏற்கெனவே இருக்கும் வரையறையோடு மோதும்.

இன்னொன்று. ஒரே வரியைத் துண்டு துண்டாக அச்சிடும் பழைய நிரல்களில் பிரிண்ட்கேயை ஒவ்வொன்றாக மாற்றினால் ஒவ்வொரு துண்டும் தனி வரியாகிவிடும். தொடரும் துண்டுகளுக்கு அதற்கான தனிக் குறியைக் கட்டாயம் போட வேண்டும் என்று 2016ல் 4.9 பதிப்பில் திரும்பவும் கொண்டுவந்தார்கள். அந்தக் குறியை நம்புவதைவிட முழு வரியையும் ஒரே அழைப்பில் அச்சிடுவது மேல், ஏனென்றால் பல கோர்கள் ஒரே நேரத்தில் எழுதும்போது உங்கள் துண்டுகளுக்கு நடுவே வேறு யாருடைய செய்தியும் வந்து விழலாம்.

கேள்வி: எங்கள் குழுவின் டிரைவரில் சொந்தமாக ஒரு டீபக் மேக்ரோ வைத்திருந்தார்கள், நூற்றுக்கணக்கான இடத்தில் அது. எல்லாவற்றையும் நீக்கினோம். கம்பைல் ஆனது, ஆனால் டிவைஸ் சில சமயம் வேலை செய்யாமல் போகிறது. அச்சிடும் வரியை எடுத்ததால் டிரைவர் எப்படிக் கெடும்?
– வாசகர், பெங்களூரு

கெடும். நீங்கள் தனி ஆளில்லை. சொந்த மேக்ரோக்கள் ரொம்பப் பழைய பழக்கம். ஸ்டேஜிங்கில் இருக்கும் ரியல்டெக் வைஃபை டிரைவரான ஆர்டிஎல்8723பிஎஸ்-ஸிலும் அப்படிப்பட்ட மேக்ரோக்கள் நிறைந்து கிடந்தன, 2021ல் வரிசையாகப் பல பேட்சுகள் போட்டு அவற்றை அகற்றினார்கள். வேலை அலுப்பானது, ஆனால் ஒவ்வொரு வரியையும் பார்த்துத்தான் செய்ய வேண்டும். உங்கள் நிலையில் நான் முதலில் தேடுவது எவை என்று சொல்கிறேன்.

முதலில் 'இஃப்' நிபந்தனைகள். அடைப்புக்குறி இல்லாத இஃப், அதற்குக் கீழே டீபக் வரி ஒன்றே ஒன்று, அதற்கடுத்து நிபந்தனையோடு சம்பந்தமே இல்லாத சுத்தம் செய்யும் அழைப்பு. டீபக் வரியை மட்டும் நீக்கினால் அந்த அழைப்பு நிபந்தனைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எப்போதும் ஓட வேண்டியது பிழை வந்தால் மட்டும் ஓடும். மேலே சொன்ன ஆப்பிள் கதையின் மறுபக்கம் இது.

அடுத்து, அச்சிடும் அழைப்புக்குள் அளபுருவாக ஹார்டுவேர் ரெஜிஸ்டரை (சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவிடத்தை) படிக்கும் இடங்கள். "நிலை இது" என்று அச்சிடுவதற்காக நிலை ரெஜிஸ்டரைப் படித்திருப்பார்கள். பல ஹார்டுவேரில் அந்த ரெஜிஸ்டரைப் படித்தாலே இன்டரப்ட் கொடி (என்னைக் கவனி என்று சிப் எழுப்பும் சைகை) அழிந்துவிடும். டீபக் வரி போனது, படிப்பதும் போனது, கொடி அழியவில்லை, இன்டரப்ட் திரும்பத் திரும்ப வருகிறது. பிசிஐயில் இன்னொரு நுட்பம் உண்டு. எழுதும் கட்டளை உடனே டிவைஸுக்குப் போய்ச் சேர்ந்துவிடாது, வழியில் தங்கலாம். அதே டிவைஸிலிருந்து ஏதாவது ஒன்றைப் படித்தால்தான் முன்னால் எழுதியது போய்ச் சேர்ந்தது என்ற உறுதி கிடைக்கும். அச்சிடுவதற்காகச் செய்த அந்தப் படிப்பு, யாருக்கும் தெரியாமல் இந்த வேலையையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். இப்படி ஒரு இடத்தைக் கண்டால் ரெஜிஸ்டரைப் படிப்பதைத் தனி வரியாக எழுதி, ஏன் என்று மேலே ஒரு கமென்ட் போடுங்கள். அதைத் தனி பேட்சாகவே அனுப்புங்கள், ஏனென்றால் அது சுத்தம் செய்யும் வேலை இல்லை, பிழைத் திருத்தம்.

அப்புறம் நேரம். "சில சமயம்" என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு இதன் மேல்தான் அதிகச் சந்தேகம். சீரியல் கன்சோல் 115200 வேகத்தில் ஓடினால் ஒரு எழுத்து போக ஏறக்குறைய 87 மைக்ரோவினாடி ஆகும். 80 எழுத்து கொண்ட ஒரு செய்தி போய் முடிய 7 மில்லிவினாடி. கெர்னலின் கணக்கில் அது நெடுநேரம். சிப்பை ரீசெட் செய்துவிட்டு அது எழுந்து வரக் காத்திருக்க வேண்டிய இடத்தில், காத்திருக்கும் வரியை எழுத மறந்துபோயிருப்பார்கள், ஆனால் நடுவில் இருந்த டீபக் செய்தி அந்தத் தாமதத்தைக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கும். இதற்குத் தீர்வு டீபக் வரியைத் திரும்பப் போடுவது இல்லை. சிப்பின் ஆவணத்தில் எவ்வளவு நேரம் என்று பார்த்து, அதை வெளிப்படையான காத்திருப்பாக எழுத வேண்டும்.

அச்சிடுவது எவ்வளவு கனமான வேலை என்பதற்கு இன்னொரு சாட்சி: நிகழ்நேர கெர்னலான பிரீம்ப்ட்-ஆர்டி பல வருஷம் தனிப் பேட்சுகளாகவே இருந்து, 2024ல் 6.12 பதிப்பில்தான் முழுதாக மைய கெர்னலுக்குள் வந்தது. கடைசிவரை வழிமறித்து நின்ற பெரிய தடை பிரிண்ட்கே. கன்சோலுக்கு எழுதி முடிக்கும்வரை மற்றவர்களைக் காக்கவைக்காமல் அதை மாற்றியமைக்க வருஷக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது.

இதையெல்லாம் சொல்லிப் பயமுறுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் குழு செய்தது நல்ல வேலை. டீபக் வரிகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்த பிழை இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. பார்த்துக்கொண்டே போகும்போது இன்னொரு ரகமும் கிடைக்கும்: பிழை வந்தது என்று அச்சிட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் மேலே தொடரும் நிரல். அச்சிடும் வரியை எடுத்த பிறகுதான் அங்கே பிழையைக் கையாளவே இல்லை என்பது தெரியும். எனக்கு லாக் சுத்தம் செய்யும் வேலை பிடிப்பதே இந்த இடங்களுக்காகத்தான்.

கேள்வி: டீபக் செய்திகளை ஒரேயடியாக நீக்கினால் நாளைக்கு வாடிக்கையாளர் இடத்தில் பிரச்சினை வந்தால் என்ன செய்வது? இருந்துவிட்டுப் போகட்டுமே.
– வாசகி, கோயம்புத்தூர்

தேவையானவை இருக்கட்டும், ஆனால் டெவ்-டீபிஜி ஆக இருக்கட்டும். டைனமிக் டீபக் வசதியோடு கெர்னலைக் கட்டியிருந்தால் அந்த வரிகள் சாதாரணமாக மௌனமாக இருக்கும். வேண்டும்போது கட்டுப்பாட்டுக் கோப்பில் மாட்யூலின் பெயரையும் கூட்டல் பி என்ற குறியையும் எழுதினால் அந்த மாட்யூலின் வரிகள் மட்டும் பேச ஆரம்பிக்கும், மறுபடி பூட் செய்ய வேண்டியதில்லை. ஒரே ஒரு கோப்பு, ஒரே ஒரு ஃபங்ஷன், ஏன் ஒரே ஒரு வரியைக்கூடத் தனியாக எழுப்பலாம். ஃபங்ஷனின் பெயரையும் அதுவே சேர்த்துத் தரும், நீங்கள் ஒவ்வொரு செய்தியிலும் எழுத வேண்டாம்.

ஆனால் "இந்த ஃபங்ஷனுக்குள் வந்தேன்", "இதிலிருந்து போகிறேன்" என்ற செய்திகளை யோசிக்காமல் நீக்கலாம். ஃபங்ஷன் அழைப்புகளைத் தடம் பிடிக்கும் எஃப்டிரேஸ் கருவி அதைவிட நன்றாக அந்த வேலையைச் செய்யும். நினைவகம் கிடைக்கவில்லை என்று சொல்லும் செய்திகளும் வேண்டாம், வழக்கமான ஒதுக்கீடு தோற்றால் கெர்னலே விவரமாகப் புலம்பிவிடும்.

நல்லபடியாக ஓடும் டிரைவர் பேசாது என்பது கெர்னல்காரர்கள் அடிக்கடி சொல்லும் விதி. "எங்கள் டிரைவர் பதிப்பு 1.2 வந்துவிட்டது" என்று ஒவ்வொரு பூட்டிலும் அறிவிக்கும் வரி யாருக்கும் பயன்படாது. லாக் தங்கும் இடம் ஒரு வட்டத் தாங்கல், பல இடங்களில் 128 அல்லது 256 கிலோபைட்தான். அது நிரம்பினால் பழையது அழியும். உங்கள் அறிவிப்புகள் அழிப்பது வேறொரு டிரைவரின் உண்மையான பிழைச் செய்தியாக இருக்கலாம்.

கேள்வி: ஒரே எச்சரிக்கை வினாடிக்கு ஆயிரம் முறை வந்து டிஸ்க் நிரம்பிவிடுகிறது. செய்தியையே எடுத்துவிடலாமா?
– வாசகர், திருச்சி

எடுக்காதீர்கள், வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். டெவ்-வார்ன் முதலியவற்றுக்கு ரேட்லிமிட்டட் என்று முடியும் வடிவங்கள் இருக்கின்றன. இயல்பான அளவு 5 வினாடிக்கு 10 செய்தி. மிச்சத்தை விழுங்கிவிட்டு, எத்தனையை அடக்கினோம் என்று பின்னர் ஒரு வரி சொல்லும். ஒருமுறை சொன்னாலே போதும் என்ற செய்திக்கு ஒன்ஸ் என்று முடியும் வடிவம். நெட்வொர்க்கிலிருந்து வரும் கெட்ட பாக்கெட்டைப் பற்றிப் புகார் சொல்லும் வரி என்றால் கட்டுப்பாடு கட்டாயம், இல்லாவிட்டால் வெளியாள் ஒருவர் அப்படிப்பட்ட பாக்கெட்டுகளாக அனுப்பியே உங்கள் கணினியைத் திணறவைக்கலாம்.

பூட் ஆகும்போது "கிளாக் இன்னும் தயாராகவில்லை" என்ற மாதிரி வரிகள் பல முறை வருகிறதென்றால் அது வேறு கதை. தனக்கு வேண்டிய இன்னொரு டிரைவர் இன்னும் வராததால் இது பிறகு முயற்சிக்கிறது, அது பிழையே இல்லை. 2020ல் 5.9 பதிப்பில் வந்த டெவ்-எர்ர்-ப்ரோப் இந்த நிலையைத் தானே கண்டுபிடித்து, அந்தச் செய்தியை டீபக் நிலைக்கு இறக்கிவிடும், உண்மையான பிழையை மட்டும் உரக்கச் சொல்லும். பிழை எண்ணையே திருப்பியும் தருவதால் நாலு வரி ஒரே வரியாகச் சுருங்கும். பழைய டிரைவர்களில் செய்யக்கூடிய நல்ல சுத்தங்களில் இது ஒன்று.

கேள்வி: லாக்கில் சுட்டியின் முகவரியை அச்சிட்டால் சம்பந்தமில்லாத எண் வருகிறது. கெர்னல் பொய் சொல்கிறதா?
– வாசகர், யாழ்ப்பாணம்

வேண்டுமென்றே மறைக்கிறது. கெர்னலின் உண்மையான முகவரிகள் லாக்கில் தெரிந்தால், கெர்னலை நினைவகத்தில் எங்கே ஏற்றியிருக்கிறோம் என்பதை மறைக்கச் செய்த ஏற்பாடு வீணாகிவிடும், தாக்குகிறவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். அதனால் 2018 ஜனவரியில் வந்த 4.15 முதல் வழக்கமான சுட்டிக் குறி முகவரியை ஹாஷ் செய்து, அதாவது வேறொரு எண்ணாக உருமாற்றிக் காட்டுகிறது. ஒரே பூட்டுக்குள் ஒரே சுட்டிக்கு ஒரே எண் வரும், அதனால் இரண்டு வரிகள் ஒரே பொருளைப் பற்றியவையா என்று ஒப்பிட அதுவே போதும். உண்மை முகவரியைக் காட்டும் தனிக் குறி இருக்கிறது, அதைப் பயன்படுத்தினால் ஏன் என்று நியாயப்படுத்த வேண்டும். பழைய நிரலைச் சுத்தம் செய்யும்போது சுட்டியை எண்ணாக மாற்றி அச்சிடும் வரிகள் கண்ணில் பட்டால் பிடித்துக்கொள்ளுங்கள், அவை இந்தப் பாதுகாப்பைச் சுற்றிக்கொண்டு போகின்றன.

கேள்வி: கிளாங்-ஃபார்மட்டை ஒரு முறை ஓட்டினால் கோப்பு முழுவதும் சரியாகிவிடுமே, ஏன் ஒவ்வொரு வரியாகக் கஷ்டப்பட வேண்டும்?
– வாசகர், மதுரை

நிரலின் நடையைத் தானாகச் சீரமைக்கும் கிளாங்-ஃபார்மட்டுக்குக் கெர்னலுக்கான அமைப்புக் கோப்பு 2018ல் 4.17லேயே வந்துவிட்டது. புதிதாக எழுதும் நிரலுக்கு ஓட்டுங்கள், நல்லது. பழைய கோப்பின் மேல் முழுதாக ஓட்டினால் ஆயிரம் வரி மாறும், அந்த ஆயிரத்தையும் ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும். யாரோ அர்த்தத்தோடு நேர்நேராக அடுக்கிவைத்த ரெஜிஸ்டர் அட்டவணைகளையும் அது கலைத்துவிடக்கூடும்.

அர்த்தம் புரிந்து மாற்ற வேண்டுமென்றால் காக்சினெல் கற்றுக்கொள்ளுங்கள். ஜூலியா லாவலும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய கருவி அது. "இந்த ஃபங்ஷனை இப்படி அழைத்த இடத்தையெல்லாம் அப்படி மாற்று" என்று சி மொழியின் அமைப்பைப் புரிந்துகொண்டு மாற்றும், எழுத்தை மட்டும் தேடி மாற்றாது. அதற்கான பல விதிகள் கெர்னல் மூலத்திலேயே இருக்கின்றன. அது தந்ததையும் அப்படியே அனுப்பாமல் படித்துப் பாருங்கள்.

கேள்வி: லாக் செய்தியின் எழுத்துகள் 100 இடத்தைத் தாண்டுகின்றன. உடைத்து இரண்டு வரியாக எழுதலாமா?
– வாசகி, சேலம்

கூடாது. பயனர் கண்ணில் படும் செய்தியை நிரலில் உடைக்கக் கூடாது என்று நடை விதியே சொல்கிறது, நீள எல்லைக்கு அது விதிவிலக்கு. லாக்கில் பார்த்ததை அப்படியே கிரெப் என்ற தேடல் கருவியில் போட்டுத் தேடுகிறவருக்கு அது கிடைக்க வேண்டும். ஏற்கெனவே உடைந்து கிடப்பதைச் சேர்த்துவைப்பது நல்ல முதல் பேட்ச்.

கேள்வி: பேட்ச் அனுப்பி நான்கு நாளாகிறது, பதிலே இல்லை. மறுபடி அனுப்பலாமா?
– வாசகர், கோலாலம்பூர்

பொறுங்கள். குறைந்தது ஒரு வாரம், முடிந்தால் இரண்டு மூன்று வாரம். ஒவ்வொரு பதிப்பும் வெளியானவுடன் இரண்டு வாரம் இணைப்புக் காலம் ஓடும், அப்போது பராமரிப்பாளர்கள் புதிய பேட்சுகளைப் பெரும்பாலும் தொடமாட்டார்கள். இடைப்பட்ட நாளில் உங்கள் கமிட் செய்தியை ஒருமுறை படியுங்கள். "செக்பேட்ச் எச்சரிக்கையை நீக்குகிறேன்" என்று மட்டும் இருந்தால், அடுத்த பதிப்பில் அதை மாற்றி, இந்த வரியைப் படிக்கிறவருக்கு முன்பு என்ன தெரியாமல் இருந்தது, இப்போது என்ன தெரியும் என்று எழுதி அனுப்புங்கள்.